எண் வேறு, டேட்டா வேறு: வெளிநாட்டுப் பயணத்தில் இ-சிம்

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குக் கிளம்புகிறவர்களிடம் இ-சிம் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "ரோமிங்கைவிட மலிவா?" என்பதுதான். பல நேரங்களில் மலிவு. சில நேரங்களில் இல்லை. போகும் நாட்டையும் தங்கும் நாள்களையும் பொறுத்து விடை மாறும். விலையை மட்டும் வைத்து இதை எடைபோட்டால் இதன் முக்கியமான பயன் கண்ணில் படாமலே போய்விடும். நம்முடைய கைப்பேசி எண்ணும் நாம் பயன்படுத்தும் இணையமும் இத்தனை ஆண்டுகளாக ஒரே சிம்முக்குள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. எண்ணைக் கையோடு கொண்டுபோக வேண்டுமானால், அதைக் கொடுத்த நிறுவனம் சொல்லும் விலைக்கே வெளிநாட்டிலும் டேட்டா வாங்க வேண்டியிருந்தது. பயண இ-சிம் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. எண் ஊர் நிறுவனத்திடமே இருக்கும். டேட்டாவை நமக்குத் தோதானவரிடம் வாங்கிக்கொள்ளலாம். சாதாரணப் பயணிக்கு இதனால் கிடைப்பது, வேண்டாம் என்று சொல்லி நகர்ந்துபோகும் சுதந்திரம். ஆனால் அந்தச் சுதந்திரம் இ-சிம்மை வாங்கியவுடன் தானாக வந்துவிடாது. அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டவருக்கே முழுப் பயனும் கிடைக்கும்.

இந்தியப் பயணிக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் கைப்பேசி எண் என்பது ஒருவரைக் கூப்பிடுவதற்கான எண் மட்டுமல்ல. வங்கிக் கணக்கும் ஆதாரும் அதனோடு இணைந்திருக்கின்றன. கார்டில் பணம் கட்டினால் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. யுபிஐ செயலிகள் எந்த சிம்மை வைத்துப் பதிவு செய்தோமோ அந்த சிம் கைப்பேசியில் இருக்கிறதா என்று பார்க்கின்றன. வாட்ஸ்அப் போன்ற செயலிகளும் பதிவு செய்த சிம்மோடு தொடர்ந்து இணைந்திருக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. எனவே ஊர் சிம்மைக் கழற்றிப் பணப்பையில் வைத்துவிட்டு வெளிநாட்டு சிம்மைச் செருகிக்கொள்ளும் பழைய வழக்கம் இன்று ஆபத்தானது. விடுதிக்குப் பணம் கட்டும் நேரத்தில், ஓடிபி வர வேண்டிய சிம் பையின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும்.

மறுபக்கம், டேட்டா இல்லாமல் பயணம் செய்வதும் கடினமாகிவிட்டது. தாய்லாந்து 2025 மே 1 முதல், நாட்டுக்குள் வருகிற வெளிநாட்டவர் எல்லோரும் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும் என்று விதித்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் அதற்கு முன்பே இப்படி மாறிவிட்டன. வாடகைக் கார், ரயில் நேரம், விடுதியின் முகவரி, அருங்காட்சியக நுழைவுச்சீட்டு எல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டன. இலங்கையிலும் மொரீஷியஸிலும் 2024 பிப்ரவரி முதல் இந்திய யுபிஐ வழியாகவே கடைகளில் பணம் கட்டும் வசதி வந்திருக்கிறது. அதற்கு இந்திய எண்ணும் வேண்டும், அந்த ஊரில் ஓடும் டேட்டாவும் வேண்டும். எண்ணையும் விட முடியாது, டேட்டாவையும் விட முடியாது என்ற இந்த இக்கட்டுக்கு விடையாகத்தான் இ-சிம்மைப் பார்க்க வேண்டும்.

சிம் என்பது என்ன என்று தெரிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். 1991-ல் ஜெர்மனியின் கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம் பின்லாந்தின் ரேடியோலின்யாவுக்கு முதல் சிம் அட்டைகளைச் செய்து கொடுத்தது. அன்று அது வங்கிக் கார்டு அளவுக்கு இருந்தது. பிறகு மினி, மைக்ரோ, நானோ என்று பிளாஸ்டிக் சுருங்கிக்கொண்டே வந்தது. உள்ளே இருக்கும் விஷயம் பெரிதாக மாறவில்லை. ஒன்று, சந்தாதாரரைக் குறிக்கும் 15 இலக்கம் வரையிலான அடையாள எண். இதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும்: இந்தியாவுக்கு 404, 405, சிங்கப்பூருக்கு 525, ஹாங்காங்குக்கு 454. மற்றொன்று, சிம்மைவிட்டு வெளியே போகாத ஒரு ரகசியச் சாவி. கைப்பேசி டவரைத் தொட்டதும் நெட்வொர்க் இந்த அடையாளத்தைக் கேட்கிறது; சாவியை வைத்துப் போட்ட கணக்கின் விடை பொருந்தினால் உள்ளே விடுகிறது. நாம் பிறருக்குக் கொடுக்கும் பத்து இலக்க எண் சிம்மின் அடிப்படை அடையாளம் அல்ல. நிறுவனத்தின் பதிவேட்டில் அந்த அடையாளத்தோடு சேர்த்து எழுதப்பட்ட முகவரிதான் அது. எண்ணே இல்லாமல் டேட்டா மட்டும் தரும் சிம் இருக்க முடிவது இதனால்தான்.

இ-சிம்மில் அந்த அடையாளமும் சாவியும் பிளாஸ்டிக்கில் வருவதில்லை. கைப்பேசிக்குள்ளேயே பற்றவைத்த ஒரு சிறு சில்லு இருக்கிறது. அதற்கென்று 32 இலக்க எண் உண்டு. நாம் ஸ்கேன் செய்யும் கியூஆர் கோடுக்குள் இருப்பது ஒரு சர்வரின் முகவரியும் ஓர் அனுமதிக் குறியீடும்தான். கைப்பேசி அந்த சர்வரைத் தேடிப் போய், சிம்மின் உள்ளடக்கம் முழுவதையும் மறையாக்கம் செய்த ஒரு தொகுப்பாக இறக்கி, சில்லுக்குள் பூட்டி வைக்கிறது. உலகக் கைப்பேசி நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ இதற்கான பொது விதிமுறையை 2016-ல் கொண்டுவந்தது. கூகுளின் பிக்சல் 2 கைப்பேசியில் 2017-லும், ஆப்பிளின் ஐபோன் எக்ஸ்எஸ் வரிசையில் 2018-லும் இது வந்தது. 2022-ல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-ல் சிம் செருகும் இடமே இல்லை. ஒரே கைப்பேசி பல இ-சிம்களைச் சேமித்து வைத்துக்கொள்ளும். பொதுவாக ஒரு நேரத்தில் இரண்டு இணைப்புகள் மட்டும் உயிரோடு இருக்கும். அந்த இரண்டில் ஒன்று ஊர் எண், மற்றொன்று பயண டேட்டா.

ரோமிங் ஏன் இத்தனை காலம் விலை உயர்ந்ததாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சென்னைக்காரர் ஒருவர் பாரிஸில் இறங்கினால் அவருடைய கைப்பேசி அங்குள்ள ஒரு நெட்வொர்க்கின் டவரில் ஏறும். அந்த நெட்வொர்க் அடையாள எண்ணைப் பார்த்து இந்திய நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும். பிறகு பயன்படுத்திய டேட்டாவுக்கான மொத்த விலையை அந்த நிறுவனத்திடம் வசூலிக்கும். இந்திய நிறுவனம் தன் பங்கைச் சேர்த்து வாடிக்கையாளரிடம் வாங்கும். இந்த ஏற்பாட்டுக்குச் செலவு உண்டு. ஆனால் நாம் கட்டிய விலைக்கு அந்தச் செலவு காரணமல்ல. இதற்கு ஐரோப்பிய ஒன்றியமே சான்று. உறுப்பு நாடுகளுக்குள் ரோமிங்கில் ஒரு மெகாபைட்டுக்கு 70 சென்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2012 ஜூலையில் அது உச்சவரம்பு விதித்தது. அதாவது ஒரு ஜிபிக்கு 700 யூரோ. அதுவே கட்டுப்படுத்தப்பட்ட விலை! 2017 ஜூன் 15 முதல் உறுப்பு நாடுகளுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணமே கூடாது என்றானது. நிறுவனங்கள் தமக்குள் கொடுத்துக்கொள்ளும் மொத்த விலைக்கு 2017-ல் வைத்த வரம்பு ஒரு ஜிபிக்கு 7.70 யூரோ, 2022-ல் அது 2 யூரோவாக இறங்கியது, 2027-ல் 1 யூரோ. 700 யூரோ என்ற வரம்புக்கும் தனிக் கட்டணமே இல்லை என்ற நிலைக்கும் இடையில் இருந்தது ஐந்தே ஆண்டுகள். அதற்குள் டவர்களும் கேபிள்களும் மலிவாகிவிட்டதால் நடந்த மாற்றமல்ல அது. வாடிக்கையாளருக்கு வேறு வழி இல்லாததே விலையை உயரத்தில் வைத்திருந்தது. சட்டம் குறுக்கிட்டதும் விலை இறங்கிவிட்டது. இந்தியாவுக்கும் நாம் அதிகம் போகும் நாடுகளுக்கும் இடையே அப்படியொரு கூட்டுச் சட்டம் இல்லை. சட்டம் இல்லாத இடத்தில் விலையை இறக்கக்கூடியது போட்டி ஒன்றுதான். அந்தப் போட்டியைப் பயணியின் கைக்குள் கொண்டுவந்தது இ-சிம்.

2019-ல் சிங்கப்பூரில் தொடங்கிய ஏரலோ போன்ற பயண இ-சிம் நிறுவனங்கள் பொதுவாகச் சொந்த டவர் வைத்திருப்பதில்லை. பல நாட்டு நெட்வொர்க்குகளோடு ஏற்கெனவே ஒப்பந்தம் வைத்திருக்கும் ஒரு தொலைபேசி நிறுவனத்திடமிருந்து டேட்டாவை மொத்தமாக வாங்கி, ஒரு ஜிபி, மூன்று ஜிபி, ஏழு நாள், முப்பது நாள் என்று சில்லறையாகப் பிரித்து விற்கின்றன. கடை வாடகை இல்லை, அட்டை அனுப்பும் செலவில்லை, பெரும்பாலான திட்டங்களில் அழைப்பு வசதியும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பயணி திரையில் பத்து நிறுவனங்களின் விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். விலை குறைவதற்கு முதன்மையான காரணம் அந்த ஒப்பீடுதான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இந்தியாவில் விற்கும் பெரும்பாலான கைப்பேசிகளில் இரண்டு சிம் போடும் இடம் பல ஆண்டுகளாகவே இருக்கிறதே, எண்ணையும் டேட்டாவையும் பிரிக்க அதுவே போதாதா? போதும் என்பதே நேர்மையான பதில். இரண்டாவது இடம் காலியாக இருந்தால், போன ஊரில் ஒரு சிம் வாங்கிச் செருகினாலும் இதே பயன் கிடைக்கும். முக்கியம் அந்தப் பிரிவினைதான். அதற்கு இ-சிம் ஒரு வழி மட்டுமே. ஆனால் பலருடைய கைப்பேசியில் இரண்டு இடமும் நிரம்பியிருக்கிறது. பலருடையதில் ஒரே இடம்தான் இருக்கிறது. இ-சிம்மில் இன்னொரு வசதி, வீட்டில் உட்கார்ந்து நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பது. விமான நிலைய கவுண்டரில் களைப்போடும் குழந்தைகளோடும் நின்று, தெரியாத நாணயத்தில் எழுதிய விலையைப் பார்த்து முடிவெடுக்கும் நிலைமை வராது. நிதானமாக வாங்குகிறவர் குறைவாக ஏமாறுவார்.

அடுத்த மறுப்பு, இந்திய நிறுவனங்களே இப்போது ரோமிங் பேக் விற்கின்றனவே என்பது. உண்மை, பேக் போடாமல் ரோமிங்கில் இணையத்தைத் திறந்து, மாத முடிவில் அதிர்ந்துபோன காலத்தோடு ஒப்பிட்டால் இன்றைய பேக்குகள் பெரிய முன்னேற்றம். இரண்டு மூன்று நாள் அலுவலாகப் போகிறவருக்கு, ஊர் எண்ணிலேயே பேசியாக வேண்டியவருக்கு, கைப்பேசி அமைப்புகளைத் தொடவே தயங்குகிறவருக்கு அதுவே நல்ல தேர்வு. அழைப்பு, குறுஞ்செய்தி, டேட்டா மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். எதையும் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கு மேல் தங்கி, வரைபடமும் வீடியோ அழைப்பும் தாராளமாகப் பயன்படுத்துகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பேக்கின் மொத்த விலையை அது தரும் மொத்த ஜிபியால் வகுத்துப் பாருங்கள். அதே கணக்கைப் போகும் நாட்டுக்கான இ-சிம்முக்கும் போடுங்கள். எது குறைவோ அதை வாங்குங்கள். இ-சிம் என்ற மாற்று இருப்பதால்தான் ரோமிங் பேக்கை இப்படி எடைபோட முடிகிறது என்பதை மறக்க வேண்டாம்.

உள்ளூர் சிம்தான் எல்லாவற்றையும்விட மலிவு என்று சொல்கிறவர்களும் உண்டு. மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு அது பெரும்பாலும் சரி. ஒரே நாட்டில் தங்கி, உள்ளூர் எண்ணால் விடுதிக்கும் ஓட்டுநருக்கும் பேச வேண்டியவர் கொழும்பு போனால் கட்டுநாயக்க விமான நிலையத்தில் விற்கும் சுற்றுலா சிம்மைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் நம் பயணங்கள் பல ஒரே நாட்டோடு நிற்பதில்லை. சிங்கப்பூர் போகிறவர் பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவுக்கும் போய் வருகிறார். அங்கிருந்து கோலாலம்பூர், பத்துமலை முருகன் கோயில் என்று பயணம் நீள்கிறது. பாலத்தின் மறுமுனையில் கைப்பேசி மலேசிய டவரில் ஏறுகிறது. சிங்கப்பூருக்கு மட்டும் வாங்கிய டேட்டா அங்கே ஓடாது. வட்டார அளவில் பல நாடுகளுக்குச் செல்லும் இ-சிம் இத்தகைய பயணங்களுக்கு ஏற்றது. ஜப்பானில் அழைப்பு வசதியுள்ள எண்ணைக் குறுகிய காலப் பயணி எளிதில் வாங்க முடியாது. அங்கே சுற்றுலாப் பயணிக்கு விற்பது பெரும்பாலும் டேட்டா மட்டுமுள்ள சிம்தான். எப்படியும் டேட்டா மட்டும்தான் என்றால், அதை ஊரிலிருந்தே வாங்கிப் போவதில் இழப்பு ஒன்றுமில்லை. விடுதியிலும் விமான நிலையத்திலும் இலவச வைஃபை இருக்கிறதே என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. வழி தவறுவதும் வண்டி தேடுவதும் தெருவில்தான். அங்கே வைஃபை இருப்பதில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். பயண இ-சிம்மால் பணத்தை இழந்ததாகச் சொல்கிறவர்களில் பலருக்குக் கைப்பேசியின் அமைப்புதான் காரணமாக இருக்கும். முக்கியமான விஷயம் டேட்டா ரோமிங் என்ற பொத்தான். ஊர் சிம்மில் அது அணைந்திருக்க வேண்டும். பயண இ-சிம்மில் அது திறந்திருக்க வேண்டும். ரோமிங்கைத் தவிர்ப்பதற்காக வாங்கியதில் ரோமிங்கை ஏன் திறக்க வேண்டும் என்று பலர் குழம்பி அதையும் அணைத்துவிட்டு, இணையம் வரவில்லை என்று தவிக்கிறார்கள். பல பயண இ-சிம்கள் மூன்றாவது நாடு ஒன்றின் சிம்கள். போகும் நாட்டின் நெட்வொர்க்குக்கு அதுவும் விருந்தாளிதான். எனவே அதற்கும் ரோமிங் திறந்தாக வேண்டும். அதற்கான விலை நீங்கள் கட்டிய தொகைக்குள்ளேயே அடக்கம். இரண்டாவது, டேட்டாவுக்கு எந்த சிம் என்ற இடத்தில் பயண இ-சிம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் மற்றதற்குத் தானாக மாறும் வசதி சில கைப்பேசிகளில் உண்டு. அதை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் சுரங்க ரயிலில் போகும்போது உங்களைக் கேட்காமலே ஊர் சிம்முக்கு மாற முயலும். மூன்றாவது, ஊர் சிம்மில் சர்வதேச ரோமிங் சேவை கிளம்புவதற்கு முன்பே செயல்பாட்டில் இருக்கிறதா என்று நிறுவனத்திடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த சிம்முக்கு வெளிநாட்டில் சிக்னலே வராது, ஓடிபியும் வராது. ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திக்கு இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் ஊர் எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்தால் கட்டணம் உண்டு. தெரியாத எண்ணிலிருந்து மணி அடித்தால் எடுக்காமல், வாட்ஸ்அப்பில் கூப்பிடச் சொல்வது நல்லது. யுபிஐ செயலியை வெளிநாட்டில் இருக்கும்போது நீக்கி மறுபடி நிறுவ வேண்டாம். புதிதாகப் பதிவு செய்ய அது ஊர் சிம்மிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பும்.

வாங்குவதற்கு முன்பும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். *#06# என்று அழுத்தினால் கைப்பேசியின் எண்கள் திரையில் வரும்; அவற்றில் இஐடி என்ற 32 இலக்க எண்ணும் இருந்தால் அந்தக் கைப்பேசி இ-சிம்மை ஏற்கும். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் கொடுத்த கைப்பேசி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே தவணையில் வாங்கிய கைப்பேசிகள் பல, குறிப்பிட்ட நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கும். பூட்டு நீங்காமல் வேறு எந்த இ-சிம்மும் வேலை செய்யாது. வீட்டு வைஃபையிலேயே இ-சிம்மை நிறுவிக்கொள்வது நல்லது, ஏனென்றால் அதை இறக்கவே இணையம் வேண்டும். ஆனால் நாள் கணக்கு நிறுவியதும் தொடங்குகிறதா, போன நாட்டு நெட்வொர்க்கில் ஏறியதும் தொடங்குகிறதா என்று முதலில் படித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கியூஆர் கோடுகள் ஒரு முறைக்குத்தான் செல்லும். சிக்னல் வரவில்லை என்று பதற்றத்தில் இ-சிம்மை நீக்கிவிட்டால் திரும்பக் கிடைக்காமல் போகலாம். ஊர் எண்ணையே பிளாஸ்டிக்கிலிருந்து இ-சிம்முக்கு மாற்றும் வேலையைப் பயணத்துக்கு முந்தைய நாள் வைத்துக்கொள்ள வேண்டாம். அதைவிட முக்கியம், உங்கள் எண்ணை இ-சிம்மாக மாற்றித் தருகிறோம் என்று யாராவது தொலைபேசியில் அழைத்துக் குறியீடு கேட்டால் கொடுக்கவே கூடாது. ஒருவருடைய எண்ணைத் தம் கைப்பேசிக்கு இழுத்து, ஓடிபிகளைப் பிடித்து, கணக்கைத் துடைக்கும் மோசடி அப்படித்தான் நடக்கிறது.

அளவில்லா டேட்டா என்ற விளம்பரத்தையும் நிதானமாகப் படிக்க வேண்டும். பல திட்டங்களில் ஒரு நாளுக்கு இவ்வளவு என்ற அளவு தாண்டியதும் வேகம் குறைந்துவிடும். வேறு சிலவற்றில் ஹாட்ஸ்பாட் வழியாகக் குடும்பத்தாருக்குப் பகிர முடியாது. உண்மையில் ஒரு சுற்றுலாப் பயணிக்குப் பெரிய அளவு டேட்டா தேவைப்படுவது அரிது. வரைபடமும் செய்தி அனுப்புவதும் கொஞ்சமே எடுக்கும், குடிப்பது வீடியோதான். நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படியே சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரையும் உயர்தரத்தில் 3 ஜிபி வரையும் ஆகும். படங்களைத் தானாகச் சேமிக்கும் வசதியையும் செயலிகளின் தானியங்கிப் புதுப்பிப்பையும் வைஃபைக்கு மட்டும் என்று வைத்து, போகும் ஊரின் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொண்டால் சிறிய திட்டமே போதும்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு அந்தரங்கம் பற்றியது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. நீங்கள் தாய்லாந்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்தைத் திறந்தாலும் அந்தக் கோரிக்கை தாய்லாந்திலேயே இணையத்தில் சேர வேண்டும் என்பதில்லை. இ-சிம் எந்த நாட்டு நிறுவனத்துடையதோ அந்த நாட்டுக்கோ, அந்த நிறுவனத்தின் இணைய நுழைவாயில் இருக்கும் வேறொரு நாட்டுக்கோ போய், அங்கிருந்து வெளியேறும். சீனப் பெருநிலத்தில் தடுக்கப்பட்ட கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்கே போகும் பயணியின் ரோமிங் சிம்மில் திறப்பதற்கு இதுவே காரணம். அவருடைய இணையம் நாட்டுக்கு வெளியே போய்த்தான் உலகைத் தொடுகிறது. அந்தச் சாதகத்துக்குக் காரணமான சுற்றுப்பாதையே இன்னோர் இடத்தில் பாதகமாகிறது. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல பயண இ-சிம்களைச் சோதித்து 2025-ல் வெளியிட்ட ஆய்வில், பயனாளர் இருக்கும் நாட்டுக்குச் சம்பந்தமில்லாத நாடுகளின் நெட்வொர்க்குகள் வழியாக அவர்களுடைய இணையப் போக்குவரத்து போனதைக் காட்டினார்கள். சில இ-சிம்கள் பயனாளருக்குத் தெரியாமல் பின்னணியில் சர்வர்களோடு தொடர்புகொண்டதையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

இதை எவ்வளவு அஞ்ச வேண்டும்? வங்கிச் செயலியும் வாட்ஸ்அப்பும் அனுப்பும் உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்பட்டே போகிறது. வழியில் இருக்கும் நிறுவனம் அதைப் படிக்க முடியாது. ஆனால் எந்த நேரத்தில், எந்தச் சேவையோடு, எந்தப் பகுதியிலிருந்து தொடர்புகொண்டீர்கள் என்ற தடயம் வழியில் இருப்பவரிடம் தங்கும். சாதாரணச் சுற்றுலாவுக்கு இது தாங்கக்கூடிய அளவிலான விலை என்பதே என் முடிவு. ஊர் ரோமிங்கிலும் தடயம் யாரோ ஒருவரிடம் சேரத்தான் செய்கிறது. பத்திரிகையாளரும் வழக்கறிஞரும் நிறுவன ரகசியங்களைச் சுமப்பவரும் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் தங்களுக்குத் தெரிந்த, கேள்வி கேட்கக்கூடிய நிறுவனத்தின் சேவையையே வாங்க வேண்டும். சுற்றுப்பாதைக்கு வேக இழப்பும் உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சிங்கப்பூரில் இருப்பவரின் டேட்டா பாரிஸ் வழியாக வெளியேறினால், நேர்க்கோட்டில் போய்த் திரும்பவே நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். ஹாங்காங் வழி என்றால் அதில் கால் பங்கு போதும். வீடியோ பார்ப்பவருக்கு இது தெரியாது. வாட்ஸ்அப்பில் பேசுகிறவருக்குத் தெரியும்.

இந்தியச் சட்டத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. வெளிநாட்டு நிறுவனங்களின் சிம்மையோ இ-சிம்மையோ இந்தியாவில் விற்பவர் தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று பெற்றிருக்க வேண்டும். வாங்குகிறவரின் பாஸ்போர்ட் முதலான ஆவணங்களைச் சரிபார்த்தே விற்க வேண்டும். அந்தச் சான்று இல்லை என்ற காரணத்தால் 2024 ஜனவரியில் ஏரலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரண்டு செயலிகளும் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் ஆப்பிள், கூகுள் கடைகளின் இந்தியப் பக்கத்திலிருந்து நீக்கப்பட்டன. வெளிநாட்டு இ-சிம்களை வைத்து இணைய மோசடிகள் நடந்ததே இதற்குப் பின்னணி. துருக்கியும் 2025 ஜூலையில் பல பயண இ-சிம் தளங்களைத் தன் நாட்டுக்குள் முடக்கியது. அங்கே போய் இறங்கிய பிறகு வாங்கலாம் என்று இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மோசடியைத் தடுக்கும் கடமை அரசுக்கு உண்டு. எண்களை நம்பி வாழும் நாட்டில் அது சிறிய விஷயமல்ல. எனவே இந்தியாவிலிருந்து வாங்குகிறவர்கள் சான்று பெற்ற விற்பனையாளரையே நாட வேண்டும். பாஸ்போர்ட் நகல் கேட்கிறார்களே என்று தயங்க வேண்டியதில்லை. இங்கே அதைக் கேட்காமல் விற்பவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் கதவை அடைப்பதோடு அரசின் வேலை முடிந்துவிடக் கூடாது. விலை ஒப்பீடு குறையக் குறைய, எண்ணையும் டேட்டாவையும் பிரித்ததால் பயணிக்குக் கிடைத்த வலுவும் குறையும். பழைய ரோமிங் கணக்குக்கே திரும்ப வேண்டிவரும். முதல் முறையாகப் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் பெற்றோரும், சேமித்த பணத்தில் ஒரு வாரம் சுற்றப் போகும் இளைஞர்களும்தான் அப்போது அதிகம் கட்டுவார்கள். செய்ய வேண்டியது, சான்று பெறும் வழியை விரைவாக்கிப் பல நிறுவனங்களை உள்ளே விடுவது. அவற்றிடம் சில உண்மைகளைக் கட்டாயமாகச் சொல்ல வைப்பது. இந்த இ-சிம் எந்த நாட்டு நிறுவனத்துடையது? டேட்டா எந்த நாட்டின் வழியாக வெளியேறுகிறது? நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது, எவ்வளவுக்குப் பிறகு வேகம் குறைகிறது? உணவுப் பொட்டலத்தில் உள்ளடக்கத்தை அச்சிடக் கட்டாயப்படுத்தும் நாட்டில் இவற்றை விலைக்குப் பக்கத்திலேயே தமிழிலும் அச்சிடச் சொல்வது பெரிய கோரிக்கையல்ல. அந்த விதி வரும்வரை கேட்கும் பொறுப்பு வாங்குகிறவர்களுடையது. பணம் கட்டுவதற்கு முன் இந்தக் கேள்விகளை விற்பனையாளரிடம் கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.